வரிசை எண் ஒன்று

முதல் அநியாயம், பள்ளிக்கூடத்துக்கு எதிரே வைத்த சாராயக்கடை. எழுதுங்கள் அம்மா. பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் வருவாய் ஆய்வாளர், என்னிடம் வாக்குமூலம் வாங்க வந்திருக்கிறீர்கள். வாக்குமூலம் என்றால் கொடுக்கிறவன் சொல்கிற வரிசையில்தான் இருக்க வேண்டும். பதினோரு நாள் மறியல் செய்தோம். பன்னிரண்டாம் நாள் கடையை எடுத்தார்கள். எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் வைத்தார்கள். எதிரே இருக்கக் கூடாது என்றுதான் மனுவில் கேட்டிருந்தீர்கள், பின்னால் இருக்கக் கூடாது என்று கேட்கவில்லையே என்று பதில் வந்தது. அன்றிலிருந்து நான் எழுதுகிற மனுவில் நாலு திசையும் இருக்கும்.

இரண்டாவது அநியாயம், என் இடது காது. பேருந்து நிலையத் தடியடியில் போனது. உங்களை வலது பக்கம் உட்காரச் சொன்னது அதற்காகத்தான். மரியாதைக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, எங்கள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவராக இருந்த வேதமுத்து. மேடையில் அவர் கண் கலங்கினால் எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லாம் முந்தானையை எடுப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் பார் ஏலம் எடுத்தார். நேரே போய்க் கேட்டேன். வேற எவனோ எடுத்து ஊரைக் கெடுக்கிறதுக்கு நம்ம ஆளே எடுத்தா கட்டுப்பாடா நடத்தலாம்ல தோழர் என்றார். ஏலம் எடுத்ததைக்கூட விட்டுவிடுவேன் அம்மா. பார் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தோழர் என்று கூப்பிட்டாரே, அதை விட மாட்டேன்.

நான்காவது, போர்டு. இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கப்படாது என்று ஒவ்வொரு கடையிலும் எழுதி வைக்கச் சொல்லி மூன்று வருஷம் அலைந்தோம். வைத்தார்கள். கடைக்காரருக்கு மட்டும் தெரிகிற மாதிரி உள்பக்கம் பார்த்து வைத்தார்கள். வாங்க வருகிறவனுக்கு போர்டின் முதுகுதான் தெரியும்.

ஐந்தாவது, அந்தப் போர்டில் இருக்கிற இருபத்தொன்றையும் பதினெட்டாகக் குறைக்கலாமா என்று ஆராய ஒரு குழு.

ஆறாவது என் வீட்டுக்குள் நடந்தது. அதன் முறை வரும்போது சொல்கிறேன்.

கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். ஐந்து மணிக்குள் கோப்பு தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை குழுவின் விசாரணை, எல்லாம் வந்ததுமே சொல்லிவிட்டீர்கள். ஐயா, அந்த வரிசை எண் ஒன்றை மட்டும் சொல்லுங்க போதும் என்றீர்கள். போதாது. காரணம் தெரியாமல் காரியத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனால் என்னை ஒரு போர்ஜரிக்காரன் என்றுதான் அந்தக் காகிதம் சொல்லும். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அரிசி ஆலையில் மூட்டை தைத்தவன். மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. கூட்டத்தில் கொடுப்பதை எல்லோரும் மடித்து விசிறிக்கொள்வார்கள், நான் வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று முறை படிப்பேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். இந்தத் தாலுகாவில் மதுவுக்கு எதிராக வந்த துண்டறிக்கைகளில் பாதி என் வாக்கியம். காகிதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

குழுவைப் பற்றிச் சொல்கிறேன். பதினெட்டு வயதில் ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் வாங்கலாம், ராணுவத்தில் சேரலாம், குடிக்க மட்டும் ஏன் கூடாது என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் யார்? ஓட்டுப் போடுகிற பையன் கேட்டானா? வேலை கொடு என்று கேட்டான். அதற்குக் குழு போட்டார்களா? பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பாதிப் பேர் கொரியர் மூட்டை தூக்குகிறான், அவன் முதுகைப் பற்றி ஆராயக் குழு உண்டா? பதினெட்டு வயதுக்காரனுடைய எந்த உரிமையும் இவர்களுக்கு ஞாபகம் வராது, இந்த ஒன்றைத் தவிர. மூன்று வருஷத்து வாடிக்கை கிடைக்கிறது அல்லவா, அதுதான் கணக்கு. நான் கத்தவில்லை அம்மா. என் குரலே இப்படித்தான்.

அந்தக் குழு ஒரு அறிவிப்புப் போட்டது. சம்பந்தப்பட்டவர்கள், அதாவது பதினெட்டு முடிந்து இருபத்தொன்று முடியாதவர்கள், தங்கள் கருத்தைக் கையெழுத்திட்டு அனுப்பலாம். பிறந்த தேதி, கதவு எண், போன் நம்பர் எல்லாம் எழுத வேண்டும். கிழவன் கருத்து தேவையில்லை என்பதை நாகரிகமாகச் சொன்னார்கள். சரி, இளைஞர்களிடமே வாங்குகிறேன் என்று புறப்பட்டேன். பாலிடெக்னிக் வாசலில், கலைக் கல்லூரி பஸ் ஸ்டாப்பில், பனியன் கம்பெனி வேன் நிற்கிற இடத்தில், நாற்பத்து மூன்று நாள் நின்றேன். ஒரு பையன் வந்து, குடிக்காதவன் கையெழுத்து வேணுமா தாத்தா, குடிக்கிறவன் கையெழுத்து வேணுமா என்றான். யாருடையதானாலும் போடு என்றேன். அப்ப ரெண்டா போட்டுடவா என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒன்று போடு போதும் என்றேன். போட்டான். அறுநூற்றுப் பத்துக் கையெழுத்து அப்படி வந்தது. மாவட்டத்திலேயே எதிர்ப்பு என்று போன மனு இது ஒன்றுதான் என்று நீங்களே சொன்னீர்கள். அந்த அறுநூற்றுப் பத்தும் சத்தியம். எந்த வீட்டுக் கதவையும் தட்டிக் கேளுங்கள்.

வரிசை எண் ஒன்று மட்டும் நான் போட்டது. ஆமாம். நான்தான் போட்டேன்.

ஏன் என்று கேளுங்கள். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். எந்த மனுவானாலும் முதல் கையெழுத்து அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவன் வீட்டிலிருந்து வர வேண்டும். ஊரான் வீட்டு வாசலில் நின்று கையெழுத்துக் கேட்கிறாயே, உன் வீட்டில் போட்டார்களா என்று ஒருவன் கேட்டால் காகிதத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் முதல் வரி. இதுவரை பதினாறு மனுவில் என் மனைவி பவுனம்மாள்தான் வரிசை எண் ஒன்று. என்ன மனு என்று கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து வருவாள், கையைத் துடைப்பாள், போடுவாள். அப்படி ஒரு புரிதல் எங்களுக்குள்.

இந்த மனுவில் அவள் போட முடியாது, வயது இல்லை. வீட்டில் அந்த வயதில் இருப்பது ஒருத்திதான். என் மகள். நர்சிங் இரண்டாம் வருஷம், வெளியூர், ஹாஸ்டல். முதல் வரியைக் காலியாக விட்டுக்கொண்டு பாலிடெக்னிக் வாசலுக்கு நான் எப்படிப் போவது? அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அந்த 'ம'வைச் சுழித்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான். மறியல்செல்வி என்று எழுதிப் பக்கத்தில் சுழித்தேன். கேட்டிருந்தால் அவளே போட்டிருப்பாள். என் மகளுடைய கருத்து எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

சிரிப்பை அடக்குகிறீர்கள். பெயர்தானே? எல்லோரும் அப்படித்தான் அடக்குவார்கள். எங்கள் ஆட்கள் வீட்டில் அப்படித்தான் பெயர் வைப்போம். இதோ சாட்சிக்கு வந்திருக்கிறார்களே, சைக்கிள் கடை இப்ராகிம் பாய், பால்வாடி ரெஜினா டீச்சர், அவர்களைக் கேளுங்கள். சங்கத்தில் ஒருவருக்கு உண்ணாவிரதம் என்று மகன் இருக்கிறான், வங்கியில் வேலை. எனக்கு நாற்பத்தேழு வயதில் பிறந்தவள் அவள். அன்றைக்கு அரசுக் கடைக்கு முன்னால் மறியல், எங்களைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் அடைத்துவிட்டார்கள். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து பெண் பிள்ளை என்றான். மண்டபத்து ஜன்னல் வழியாகச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பெயர் மறியல்செல்வி. உள்ளே இருந்த எழுபது பேரும் கைதட்டினார்கள். எந்தப் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்கும்போது எழுபது பேர் கைதட்டியிருக்கிறார்கள்? மூன்றாம் நாள்தான் பிள்ளையைப் பார்த்தேன்.

இப்போது ஆறாவது.

போன வருஷம் கல்லூரியிலிருந்து ஒரு தபால் வந்தது. இன்னாருடைய பெற்றோருக்கு என்று மேலே எழுதியிருந்தது. அந்த இன்னாரை எனக்குத் தெரியாது. தபால்காரரிடம் வீடு மாறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தேன். பவுனம்மாள் ஓடிவந்து வாங்கினாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு முடிந்த மறு மாதமே என் மகள் விண்ணப்பம் போட்டு, கெஜட்டில் வரவழைத்து, பெயரை மாற்றிக்கொண்டுவிட்டாள். தாயும் மகளுமாகக் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனது அதற்குத்தான். பதினெட்டு வயதில் இதைச் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறதாம். பாருங்கள் அம்மா, இதற்குத்தான் நான் சொல்கிறேன், பதினெட்டு வயதில் கொடுக்கிற எந்த உரிமையும் எங்கே போய் முடிகிறது என்று.

ஏன் மாற்றினாய் என்று போனில் கேட்டேன். பள்ளியில் ஆஜர் எடுக்கும்போதே, மறியல் வந்தாச்சு, இன்னைக்கு கிளாஸ் நடக்காது என்று பையன்கள் கத்துவார்களாம். பன்னிரண்டு வருஷம். வார்டில் பெயர் அட்டையைப் பார்த்து நோயாளிகள் சிரிக்கிறார்களாம். ஊசி போடும்போது சிரித்தால் நல்லதுதானே என்றேன். அவள் சிரிக்கவில்லை. நீங்க மண்டபத்துல இருந்ததுக்கு நான் ஏம்பா அடையாளம் தூக்கிட்டுத் திரியணும் என்றாள். போனை வைத்துவிட்டேன். ஒரு வருஷம் நாலு மாதம் ஆகிறது. அந்தப் புதுப் பெயரை நான் இந்த வாயால் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். காகிதத்தில் இருப்பது எனக்குத் தெரியும்.

அதோடு விட்டாளா? அந்தக் குழுவுக்கு அவளே தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாள். வயதைக் குறைக்கலாம் என்று. அதே கதவு எண், அதே பிறந்த தேதி, அதே போன் நம்பர். பெயர் மட்டும் வேறு. என் மனுவில் எதிர்ப்பு, அவள் கடிதத்தில் ஆதரவு. உங்கள் அலுவலகத்துக் குமாஸ்தா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டான். இந்தச் சுறுசுறுப்பை நாங்கள் கொடுத்த மற்ற பதினாறு மனுவில் எவனாவது காட்டியிருந்தால் இந்தத் தாலுகாவில் ஒரு கடைகூட இருந்திருக்காது.

அவள் கடிதத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள், கேட்டேன். பாலிடெக்னிக் பையன் தீனதயாளன் கதை. அது எனக்குப் புதிதா? அவன் படத்தைப் போட்டுத்தான் என் கடைசித் துண்டறிக்கையே வந்தது. பத்தொன்பது வயது. பரீட்சை முடிந்த மத்தியானம் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டாளிகளோடு குடித்தான், மயங்கினான், செத்தான். குடியே கொன்றது என்று தலைப்புப் போட்டேன். என் மகள் வேறு மாதிரி எழுதுகிறாள். கூட்டாளிகள் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவராமல் மூன்று மணி நேரம் ஷெட்டிலேயே வைத்திருந்தார்களாம். வயது கேட்பார்கள், கேஸ் ஆகும், கல்லூரியில் டிசி கொடுப்பார்கள் என்று பயந்தார்களாம். கடைசியில் இவள் படிக்கிற ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டபோது இவள்தான் வார்டில் பயிற்சிக்கு நின்றாளாம். அந்தப் பையன்கள் முதலில் கேட்டது, இவனுக்கு இருபத்திரண்டு வயசுன்னு எழுதிக்கலாமா சிஸ்டர் என்பதாம். இருபத்தொன்று என்கிற சட்டம் அவன் வாங்குவதைத் தடுக்கவில்லை, அவனைக் கொண்டுவருவதைத்தான் தடுத்தது என்று எழுதியிருக்கிறாள்.

நல்ல வாக்கியம். என் ரத்தம், வேறு எப்படி எழுதுவாள்? ஆனால் தப்பான வாக்கியம். கடை இல்லையென்றால் வாங்குவதும் இல்லை, கொண்டுவருவதும் இல்லை. அதை ஏன் எழுதவில்லை? அவனுக்கு விற்றவன் பெயரை ஏன் எழுதவில்லை? பயந்த பிள்ளைகள் மேல் பழியைப் போடுகிறாள், விற்றவன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறாள், கடிதத்தின் கடைசியில். அதை நீங்கள் வாசிக்காமல் தாண்டினீர்கள், நான் எட்டிப் பார்த்துவிட்டேன். தீனதயாளன் படத்தைத் துண்டறிக்கையில் போட்டவர்கள் அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். எதற்குக் கேட்க வேண்டும்? அவன் இந்தப் போராட்டத்தின் தியாகி. தியாகிக்கு யாராவது அனுமதி கேட்பார்களா? அந்த அம்மா வந்தார்கள், உண்மைதான். தெருவில் கிடந்த நோட்டீசை எல்லாம் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். மகன் பெயர் பரவுகிறதே என்று ஆசையாக எடுத்துப்போகிறார்கள் என்று இன்னும் ஐம்பது கொடுத்தேன்.

பாயும் டீச்சரும் ஏன் தலையைக் குனிகிறீர்கள்? சாட்சிக்கு வந்தவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள்.

சரி அம்மா, விதியைத் திரும்ப ஒரு முறை சொல்லுங்கள். ஒரு கையெழுத்துப் போலி என்றாலும் மனு மொத்தமும் தள்ளுபடி. அறுநூற்றுப் பத்தும் குப்பைக்கு. அல்லது, போட்டவனே ஒப்புக்கொண்டு, இன்னாருடைய பெயரில் அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன், இது அவருடைய கருத்தல்ல என்று இரண்டு சாட்சிகள் முன்னால் பெயரை வாய்விட்டுப் படித்தால், அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு மற்றதைத் திங்கட்கிழமை குழுவின் முன் வைக்கலாம். அப்படித்தானே? என் மகள் என்று எழுதிக்கொள்ளுங்களேன். கூடாதா? மறியல்செல்வி என்று படிக்கிறேன்.

என்ன சொன்னீர்கள்? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்.

அப்படி ஒருத்தர் பதிவுல இல்லீங்க ஐயா. கேட்டது. காது நன்றாகவே கேட்கிறது.

பவுனம்மா, நீ எதற்கு இப்போது வாசலுக்கு வந்தாய்? அரசாங்கக் காரியம் நடக்கிறது. என்ன? ஆர்.ஐ. அம்மா, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், முப்பத்தைந்து வருஷம் என் பின்னால் நின்றவள் கேட்கிற கேள்வியை. "ஜன்னல் வழியா சீட்டு அனுப்பினீங்களே, பெத்துட்டுக் கிடந்தவகிட்ட என்ன பேருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் அவளுக்கு ஒரு பேரு நினைச்சு வச்சிருந்தேன். பதினெட்டு வயசு ஆனதும் அவகிட்டச் சொன்னேன். எடுத்துக்கிட்டா." இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்க மனுவுல கையெழுத்துதான கேட்டீங்க, வேற என்ன கேட்டீங்க என்கிறாள். பதினாறு மனு. நான் புரிதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதாதீர்கள். அது குடும்ப விஷயம்.

அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். கண்ணாடி வேண்டாம், எனக்கு அச்செழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தெரியும். அறுநூற்றுப் பத்துப் பேர் வெயிலில் நின்று போட்டது. அதற்காகத்தான் படிக்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

இது என்ன, பெயருக்கு முன்னால் 'சோ.' என்று இருக்கிறது? என் பெயர் சோலையப்பன் என்பதற்கா? அதை ஏன் மாற்றவில்லை? இப்போது அம்மா பெயரின் இனிஷியலே போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறதே. பெயர் பிடிக்கவில்லை என்று தூக்கிப் போட்டவள் இதையும் தூக்கிப் போட வேண்டியதுதானே?

பவுனம்மாள் சொல்கிறாள், "எடுத்துடுன்னு நான்தான் சொன்னேன். அது இருக்கட்டும்மா, அது அப்பாதுன்னுட்டா."

அரைகுறை வேலை. எதிர்ப்பது என்று இறங்கிவிட்டால் முழுதாக எதிர்க்க வேண்டும். நான் எதையும் பாதியில் விட்டதில்லை. என் வீட்டில் வளர்ந்து இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை அவள். பாதியை விட்டுவைத்திருக்கிறாள், பாருங்கள் பாய், அச்சிலேயே விட்டுவைத்திருக்கிறாள்.

படிக்கிறேன். சோலையப்பன் ஆகிய நான், மேற்படி மனுவில் வரிசை எண் ஒன்றில் உள்ள கையெழுத்தை என் கையால் இட்டேன். அது கீழ்க்கண்டவரின் அனுமதி பெற்று இடப்பட்டதல்ல. அதில் உள்ள கருத்து அவருடையதல்ல. பெயர்.

படித்துவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ரெஜினா டீச்சர், உங்களுக்கு என்ன? பால்வாடியில் இருபது குழந்தைகள் கத்துகிற இடத்திலேயே காது கேட்கிறதே உங்களுக்கு. "கேக்கலை தோழர். மைக் இல்லாமப் பேசினாலே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும் உங்க குரல். இன்னைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற எனக்கே கேக்கலை. கேக்காததுக்கு நான் எப்படிச் சாட்சி போடுறது?"

பாய்க்கும் கேட்கவில்லையாம். நன்றாக இருக்கிறது. என் சங்கத்து ஆட்கள்.

கேட்டுக்கொள்ளுங்கள். தெருவும் கேட்கட்டும். பெயர்: சோ. தாரிணி. சோலையப்பன் மகள் தாரிணி.